பயணத்துக்கு முன் வேக வாசிப்பு: எந்தப் பக்கங்களில் வேகம் கூடாது?

வேக வாசிப்புப் பயிற்சிக்காக என்னிடம் வருபவர்களில், வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் அந்த நாட்டைப் பற்றிக் குறுகிய காலத்தில் அறிந்துகொள்ள விரும்புபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கம் நல்லது. ஆனால் ஒரு நாட்டைப் பற்றிய எல்லாப் பக்கங்களையும் ஒரே வேகத்தில் படிப்பது ஆபத்தானது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்கும்போது கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது, நிற்கும் இடத்தில் சில எழுத்துகள் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே ஒரே பார்வையில் முழுப் பத்தியையும் படித்துவிடலாம் என்னும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். கீத் ரேனரும் சக உளவியலாளர்களும் எழுதி 2016-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, வேகம் கூடினால் புரிதல் குறையும் என்றே தெரிவிக்கிறது. மேலோட்டமாகப் படித்தும் சாரத்தைப் பிடித்துவிடுபவர் பெரும்பாலும் அந்தப் பொருளை முன்பே அறிந்தவராக இருப்பார். முதன்முறையாகச் செல்லும் நாட்டைப் பொறுத்தவரை நமக்கு அந்த முன்னறிவு இல்லை.

அதனால்தான் வரைபடத்தையும் ஒரு சிறு அறிமுகத்தையும் முதலில் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பர் 2 அன்று ஆறு அமீரகங்கள் இணைந்தன, 1972 பிப்ரவரியில் ராஸ் அல் கைமா ஏழாவதாகச் சேர்ந்தது, தலைநகர் துபாய் அன்று, அபுதாபி: இவ்வளவும் மனத்தில் பதிந்துவிட்டால், முத்துக்குளிப்பு, எண்ணெய் வளம் பற்றிய அத்தியாயங்களை வேகமாகப் புரட்டலாம். அங்கே சில வரிகள் விட்டுப்போனாலும் நஷ்டமில்லை. ஏழும் தனித்தனி அமீரகங்கள் என்று புரிந்துகொண்டவர், துபாயில் அனுமதிக்கப்படும் மது ஷார்ஜாவில் தடைசெய்யப்பட்டிருப்பதைப் படிக்கும்போது அதைத் தவறவிட மாட்டார்.

மகளின் பேறுகாலத்துக்காகத் துபாய் செல்லவிருந்த ஓர் அம்மா வகுப்புக்கு வந்திருந்தார். சுங்க விதிகள் அடங்கிய பக்கத்தைக் கொடுத்தபோது விரலை வரிக்கு அடியில் ஓடவிட்டு விரைவாகப் படித்து முடித்தார். 60,000 திர்ஹாமுக்கு மேல் பணம் கொண்டு சென்றால் அறிவிக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொன்னார். அதே பக்கத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் கசகசாவும் இருந்தது. குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கும் அந்தக் கசகசாவைத் தடைக்குரிய பொருளாக எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. மகளுக்காக அதைப் பொட்டலம் கட்டியும் வைத்திருந்தார். எதிர்பாராத செய்தியைத்தான் வேகம் முதலில் விழுங்குகிறது. அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடைய விஷயம் என்பதால், தெரியாமல் கொண்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிவிட முடியும் என எண்ணக் கூடாது.

தமிழில் எழுதப்பட்ட விதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், வரியின் தலைப்பகுதியை மட்டும் பார்த்துத் தாவுகிறவர் ‘கூடாது’ என்பதை அடையாமலே அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

தேதியையும் பார்க்க வேண்டும். அமீரக அரசு அலுவலகங்களின் வார விடுமுறை 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறாக மாறி, வெள்ளிக்கிழமை அரைநாள் வேலைநாளாயிற்று. ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. பழைய வழிகாட்டி நூலை எவ்வளவு விரைவாகப் படித்தாலும் வெள்ளி, சனி விடுமுறை என்ற பழைய செய்திதான் கிடைக்கும்.

ஆகவே வேகத்தை, எங்கே நிதானிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கும் கருவியாகப் பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் தடை, அனுமதி, அபராதம், தவிர, மட்டும் ஆகிய சொற்கள் வரும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அவற்றை வாய்விட்டுப் படிக்கும் வேகத்தில் படியுங்கள். மருந்துப் பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். கோடீன், டிரமடால் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஆனால் நம் ஊர் மருந்துகளின் வணிகப் பெயர்களை அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளிருக்கும் மருந்துப்பொருளின் பெயரை, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தினாலும் மருத்துவரின் சீட்டோடு, பயணத்துக்கு முன்பே அந்நாட்டு அதிகாரிகளிடம் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.