ஈரற்பூண்டு பாசியன்று

மொரீஷியஸ் காட்டுத் தாவரங்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் 'கல்லீரல் பாசி' என்ற பெயர் மறுபடியும் கண்ணில் பட்டது. பிரெஞ்சு மூலத்தில் 'எப்பத்திக்' என்று இருந்ததை, செடியைப் பார்க்காத ஒருவர் பெயர்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'லிவர்வொர்ட்' எனப்படும், ஈரமான இடங்களில் வளரும் பூவாத சிறு செடி அது. அதை ஈரற்பூண்டு என்பதே சரி.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் 'ஹேப்பார்' ஈரல். அதன் வழி வந்தவை இலத்தீன் 'ஹெப்பாட்டிக்கா'வும் பிரெஞ்சு 'எப்பத்திக்'கும். ஆங்கில 'லிவர்வொர்ட்'டில் உள்ள 'வொர்ட்' பூண்டைக் குறிக்கும் பழஞ்சொல். மார்கான்ஷியா போன்ற ஈரற்பூண்டுகளின், தண்டு இலை என்று பிரியாத தட்டை மடல் ஈரலை ஒத்திருந்ததால், ஈரல் நோய்க்கு அது மருந்தென்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினார்கள்.

பாசி வேறு. பசுமையின் அடியாகப் பிறந்த அச்சொல்லின் இடம் நீர். ஊரார் நீருண்ணும் கேணியில் கை பட்ட இடத்தில் விலகி, எடுத்ததும் மூடிக்கொள்ளும் பாசியைக் குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் காட்டுகிறார். அந்த நீர்ப்படலத்தின் பெயரைக் கடற்பாசிக்கும் கொடுத்தோம், மரப்பட்டையில் வளரும் 'மாஸ்' (moss) என்ற சிறு செடிக்கும் கொடுத்தோம். இப்போது ஈரற்பூண்டுக்கும் கொடுத்தால், காட்டுக்குள் போகிறவர் எதைத் தேடுவார்?

மொரீஷியஸின் பிளாக் ரிவர் மலைக்காடு போன்ற ஈரக்காடுகளில் இந்தக் கேள்வி கண்ணெதிரே நிற்கும். பெல்ஜியத்துத் தாவரவியலாளர் மரி-ஆன் லிபேர் 1820இல் பெயரிட்ட லெஜூனியா என்ற ஈரற்பூண்டுப் பேரினத்தில், இலையோடு சேர்த்தும் ஒரு மில்லிமீட்டர் அளவே அகலமுள்ள இனங்கள் பல. வெறுங்கண்ணுக்கு மரப்பட்டையில் படிந்த பச்சைக் கறைதான். கைலென்ஸ் வைத்தால் தண்டின் இரு பக்கமும் இரண்டு வரிசை இலைகள். அடிப்புறத்தில் மூன்றாவது வரிசையாகச் சிற்றிலைகள். பக்க இலையின் கீழோரம் மடிந்து சிறு பை. நடுநரம்பு கிடையாது. மாஸிலோ இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றி அமையும், நடுநரம்பும் பலவற்றில் தெரியும். பாசி என்று பெயரைக் கேட்டவர் குனிந்து அடிப்புறத்தைப் பார்ப்பாரா?

'ஈரலுருத் தாவரம்' என்ற மற்றொரு தமிழாக்கம் பாசியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது உருவத்தை உறுதிசொல்கிறது. ஈரற்பூண்டுகளில் பெரும்பான்மை இனங்கள் இலையுடையவை. அவற்றில் ஈரலின் சாயலே இல்லை. லெஜூனியாவைக் கையில் வைத்துக்கொண்டு ஈரலுரு எங்கே என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? ஈரற்பூண்டு என்ற பெயர் உருவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பழைய பெயரின் இரண்டு பாதியையும் அப்படியே தருகிறது.

பூண்டு என்றால் சமையல் பூண்டுதானே நினைவுக்கு வரும் என்கிறார்கள். அதற்குத்தான் வெள்ளைப்பூண்டு என்ற முழுப்பெயர் இருக்கிறது. புல்பூண்டு முளைக்காத நிலம் என்று இன்றும் சொல்கிற நாம், அதை வெள்ளைப்பூண்டு விளையாத நிலம் என்றா புரிந்துகொள்கிறோம்? வழக்கில் உயிரோடிருக்கும் பொருளை மொழிபெயர்ப்பாளர்களே மறந்துவிட்டு, வாசகருக்குப் புரியாது என்று பழி போடுவது நியாயமில்லை. மண்ணீரலிலும் நுரையீரலிலும் 'ஈரல்' வருகிறதே என்ற தடையும் நிற்காது. அடைமொழியின்றி ஈரல் என்றால் கல்லீரலே.

மார்கான்ஷியாவை மடல் ஈரற்பூண்டு என்றும், லெஜூனியாவை இலை ஈரற்பூண்டு என்றும் பிரித்து எழுதலாம்.