ஜக் தூக்கும், தாங்காது

மார்கழி மழை விட்ட ஒரு காலை. உரும்பிராயில் மாமா வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒஸ்ரின் ஏ40 இன் முன்சில்லு ஒன்றைக் கழற்றி முடித்திருந்தோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய கார் அது. இலேசில் ஒன்றும் ஆகாது என்பது மாமாவின் நம்பிக்கை. பார்த்துக்கொண்டிருக்கவே, காரைத் தூக்கி வைத்திருந்த ஜக்கின் அடி ஈரச் செம்மண்ணுக்குள் ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கியது. கழற்றிய சில்லை அவசரமாகக் காருக்கு அடியில் உருட்டித் தள்ளினேன். கார் அதன்மேல் மெல்ல வந்து இருந்தது.

"நல்ல ஜக் தானே தம்பி, பிறகென்ன?" என்றார் மாமா.

ஜக் நல்லதுதான். அதன் வேலை தூக்குவது, அதையும் அது ஒழுங்காகச் செய்தது.

கார் தூக்குவது பெரிய வேலை என்று நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. 1,000 கிலோ அளவான சிறிய காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜக்கில் விழும் பாரத்தை 300 கிலோ என்று வைப்போம். அதை 15 சென்ரிமீற்றர் உயர்த்துவதும், 3 மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து 15 லீற்றர் வாளி ஒன்றை அள்ளுவதும் பௌதிகவியலில் ஒரே அளவு வேலை. ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் 300 கிலோவை ஒரே மூச்சில் தூக்கக் கை இடம் தராது. ஆகவே விசையைக் குறைத்து, அந்தக் குறையைத் தூரத்தால் கட்டுகிறோம். துலாவும் அலவாங்கும் செய்வது இதைத்தான். அலவாங்கு என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது; அவர்கள் மொழியில் அதற்கு நெம்பு என்று பொருள்.

போத்தல் வடிவில் நிமிர்ந்து நிற்கும் போத்தல் ஜக்கில் நெம்போடு ஒயிலும் சேர்கிறது. அடைத்துவைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்று காட்டியவர் பிரான்சின் பஸ்கால். அவர் 1662 இல் இறந்த பிறகு, அடுத்த வருடம்தான் அந்த நூல் அச்சில் வந்தது. 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சின்னப் பிஸ்ரனை அமுக்கினால், 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெரிய பிஸ்ரன் 9 மடங்கு விசையோடு எழும்பும். கைபிடியின் நெம்பு இன்னொரு 12 மடங்கு தந்தால் மொத்தம் 108. உராய்வை விட்டுப் பார்த்தால், 300 கிலோவுக்கு 3 கிலோவுக்கும் குறைவாக அமுக்கினால் போதும். அதற்கு விலை: சின்னப் பிஸ்ரன் ஒரு தடவை 2 சென்ரிமீற்றர் இறங்கினால் கார் எழும்புவது 2 மில்லிமீற்றர் சொச்சம். 15 சென்ரிமீற்றருக்கு எழுபது தடவையளவில் அடிக்க வேண்டும். தோள் நோவது அதனால்தான்.

இந்தத் தத்துவத்தை வைத்து 1795 இல் இங்கிலாந்தில் அமுக்க இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்த ஜோசப் பிராமாவுக்கு வந்த தலையிடி, பிஸ்ரனைச் சுற்றி ஒழுகியதுதான். கிண்ணம்போல வளைத்த ஒரு தோல் வளையம் அதைத் தீர்த்தது. உள்ளே அமுக்கம் கூடக் கூட வளையம் விரிந்து சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். இன்றைய ஜக்கில் தோலுக்குப் பதில் ரப்பர் சீல். மேலே சொன்ன பாரத்தில் ஒயிலின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 42 கிலோ, கார் ரயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு. அதை மறித்து நிற்பவை அந்தச் சீலும், வால்வில் இருக்கும் மணி அளவு இரும்புக் குண்டும்தான். குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஒரு மணல் துணிக்கை அகப்பட்டால் போதும். கார் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கும்.

காரோடு வரும் கத்தரிக்கோல் ஜக்கில் ஒயில் இல்லை, திருகுதான். புரிகளின் சாய்வு சிறிது, உராய்வு பெரிது. ஆகவே கையை விட்டாலும் திருகு தானாகப் பின்னால் சுற்றாது. இப்படித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் திருகில் நம் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போகிறது. ஜக்கின் கைகள் படுத்துக் கிடக்கும்போதுதான் முதல் சுற்றுகள் உயிரை வாங்கும்: 15 பாகைச் சரிவில் திருகில் வரும் இழுவை பாரத்தைப்போல 3.7 மடங்கு, 45 பாகைக்கு வந்ததும் பாரமளவுதான். திருகு பிடிக்கும் என்பதற்காக இதை நம்பி அடியில் படுக்கலாமா? கூடாது. ஒடுங்கிய காலில் நிற்கும் இது, பக்கவாட்டில் ஒரு தள்ளுக்கே சாயும்.

இனி மண். ஜக்கின் அடிப்பாகம் பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் உள்ள சதுரம், அதில் 300 கிலோ என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 3 கிலோ. ரயர் தரையை அழுத்துவதைவிடக் கூட. எங்கள் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் தடித்த பலகை ஒன்றை அடியில் வைத்தால் அமுக்கம் ஒன்பதில் ஒன்றாகும். மெல்லிய பலகை நடுவில் வளைந்து, பாரத்தைப் பழைய இடத்திலேயே இறக்கிவிடும். சில்லு வைத்த ட்ரொலி ஜக்குக்கு மணல் வளவு சரிவராது. அதன் கை வில்போல வளைந்து எழும்புவதால், தூக்கும்போது ஜக் தானும் கொஞ்சம் உருள வேண்டும். மணலில் சில்லுப் புதைந்தால் உருளாது, தலை காரிலிருந்து வழுக்கும்.

கியரில் போட்டுவிட்டேன், கார் அசையாது என்பதும் பொய் நம்பிக்கை. பின்சில்லில் ஓடும் பழைய கார்களில் ஒரு பின்சில்லை உயர்த்தினால், இரண்டு பின்சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதியான டிபரென்சியல் அந்தச் சில்லை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, நிலத்தில் நிற்கும் சில்லை உருள விடும். ஹாண்ட் பிறேக்கையும் இழுத்து, தரையில் நிற்கும் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

தூக்கியதைத் தாங்க வேண்டியது இரும்பு ஸ்ராண்ட். அதற்குள் ஒயிலும் இல்லை, வால்வும் இல்லை. பாரம் நேரே இரும்பு வழியாக நிலத்துக்குப் போகும். கால்கள் விரிந்திருப்பதால் இலேசில் சாயவும் விடாது. பலர் ஸ்ராண்டுக்குப் பதில் உட்குழிவுள்ள சீமெந்துக் கல்லை வைப்பார்கள். அந்தக் கல் மதிலில் நிற்பது பாரம் மேற்பரப்பு முழுவதும் பரவுவதால். கார்ச் சட்டத்தின் விளிம்பு ஒரு கோட்டில் அமுக்கும்போது, உட்குழிவுக்கு மேல் கல் வளையப் பார்க்கும். வளைவில் அடிப்பக்கம் இழுபடும். இழுவைக்குச் சீமெந்து மிகப் பலவீனம். கசியும் ஜக்காவது பெரும்பாலும் மெல்ல இறங்கும், கல் சொல்லாமல் வெடிக்கும்.

தூக்காமலே அடியில் வேலை செய்ய ஒரு வழி, குழி. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. குழிக்குள் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் என்பதால் பெற்றோல் தாங்கி வேலையை அங்கே வைக்கக்கூடாது. மாமாவின் தகப்பன் வெட்டிய குழி ஒன்று மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஐப்பசி மழையோடு சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் மட்டம் ஏறும், குழியிலும் ஏறும். மாசி வரைக்கும் அது தவளைகளுக்குத்தான்.