குனிந்தால் தெரியும் கோணல்

பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் தனியாகக் குளிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் அவர்கள் முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வரும் சில பிள்ளைகளுக்கு, "சுடிதார் ஒரு பக்கம் ஏறியே நிக்குதே" என்று தையல்கார அக்கா சொல்லித்தான் முதுகெலும்பு வளைந்திருக்கும் விஷயமே தெரிகிறது. அதன் பிறகும் சுளுக்கு என்று எண்ணெய் தடவுவதில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. வேகமாக வளரும் வயதில் அந்த மாதங்கள் மிக முக்கியமானவை.

தண்ணீர்க் குடம் சுமந்ததால் வந்ததோ, புத்தகப்பையால் வந்ததோ என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதெல்லாம் காரணமே இல்லை. ஸ்கோலியோசிஸ் எனும் இந்த வளைவில் சுமார் 80 விழுக்காட்டுக்குக் காரணம் கண்டறியப்படவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடும். வளரிளம் பருவத்தினரில் 100 பேருக்கு 2 முதல் 3 பேருக்கு வருகிறது. பெரிய வளைவாக முற்றுவது பெண்பிள்ளைகளுக்கே மிக அதிகம்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முள்ளெலும்புகள் தம் அச்சிலேயே திரும்பவும் செய்கின்றன. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளிலும் விலா எலும்புகள் பொருந்தியிருப்பதால், அவையும் கூடவே திரும்பி வளைவின் வெளிப்பக்கம் புடைக்கின்றன. நிற்கும்போது மறைந்திருக்கும் இந்தப் புடைப்பு, குனிந்தால் வெளிப்பட்டுவிடும். எனவே அம்மாவோ அக்காவோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பித் தொங்கவிட்டபடி பிள்ளை மெல்லக் குனியட்டும். பின்னால் உட்கார்ந்து, கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒரு பக்கம் மேடாக இருப்பது தெரியும். மேடு தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகின் சாய்வை அளக்கும் ஸ்கோலியோமீட்டரில் 5 முதல் 7 டிகிரி சாய்வு இருந்தால் எக்ஸ்ரே எடுப்போம்.

அந்த எக்ஸ்ரேயை நின்றபடி, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்தால் வளைவு குறைவாகக் காட்டும். அதை நம்பி வீடு திரும்பிவிடக் கூடாது. வளைவு எவ்வளவு என்று படத்தில் அளக்கும் கோப் கோணம் 10 டிகிரியை எட்டினால்தான் ஸ்கோலியோசிஸ். அளவீட்டிலேயே 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம் என்பதால் பழைய படத்தை எறியாதீர்கள். இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், இடுப்பின் நடுவில் முடிக்கற்றை, இடப்பக்கம் புடைத்த மார்பு வளைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

வளர்ச்சி மிச்சமிருக்கும் பிள்ளைக்கு வளைவு 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால், உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் போடுகிறோம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும் இதற்கு உதவாது. உடலை அளந்தோ அச்செடுத்தோ, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டில் செய்ய வேண்டிய கருவி இது. புடைத்த பக்கத்தில் ஒரு திண்டு அழுத்தும்; மேலும் கீழும் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு இடங்கள் தாங்கும். விலா எலும்பு பின்னாலிருந்து முன்னோக்கிக் கீழே சரிந்து வருவதால், திண்டு வளைவின் உச்சிக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ உட்கார வேண்டும். மேலே ஏறினால் வேறு விலாவைத்தான் தள்ளும். உள்வாங்கிய பக்கத்தில் உடல் நகர்ந்துபோக வெற்றிடமும் வேண்டும். அது இல்லாத பிரேஸ் மார்பை இறுக்கி மூச்சை முட்டவைக்குமே தவிர, வளைவைத் திருத்தாது. அணிந்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு பாதியளவு குறைந்திருந்தால் நல்ல பொருத்தம். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

2013-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. 6 மணி நேரத்துக்கும் குறைவாக அணிந்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. நம் கடற்கரையின் வேர்வையில்தான் பிள்ளைகள் பிரேஸைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போட்டு, அதைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, நனைந்ததும் மாற்றினால் தாங்கும். பவுடரும் தேங்காயெண்ணெயும் தோலை ஊறவைக்கும், வேண்டாம். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பின்பே மாட்டுங்கள். உப்பு தங்கினால் தோல் உரிந்துவிடும். கழற்றியபின் சிவப்பு அரை மணி நேரத்துக்கு மேல் மறையாவிட்டால் திண்டைச் சரிசெய்ய வேண்டும். வாரைத் தளர்த்துவது தீர்வாகாது. எப்போதும் ஒரே இறுக்கம் வர, வாரில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சடங்கு, கல்யாணம் என்று ஒரு நாள் கழற்றினால் தவறில்லை. வாரக்கணக்கில் விட்டுவிடுவதுதான் கெடுதல்.

45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். 1962-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரிங்டன் அறிமுகம் செய்த கம்பி இரு முனைகளில் கொக்கியால் பிடித்து நீட்டியது. முள்ளெலும்பின் திருகலை அது திருத்தவில்லை. இன்று இரு பக்கமும் முள்ளெலும்புக்குள்ளேயே திருகாணிகளை இறக்கி, டைட்டானியம் அல்லது கோபால்ட் குரோம் கம்பியில் பூட்டி, திருப்பத்தையும் சேர்த்து நேராக்குகிறார்கள். நரம்பின் மின்சமிக்ஞைகளை அறுவை முழுவதும் கண்காணிக்கிறார்கள். கம்பி நிமிர்த்திப் பிடித்திருக்க, முள்ளெலும்புகள்மேல் வைத்த எலும்புத்துகள் கூடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் காலப்போக்கில் கம்பி களைத்து உடையும்.

பிரேஸை எப்போது நிறுத்துவது என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். பூப்படைந்து 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், 6 மாதமாக உயரம் கூடாதிருக்க வேண்டும், வளர்ச்சி எவ்வளவு முடிந்தது என்று எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு காட்டும் ரிஸ்ஸர் நிலை 4 ஆகியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த பிறகு நேரத்தைக் குறைக்கலாம்.