ஒரே முகம், நான்கு நிறம்: குழந்தையோடு வீட்டுக் கணினியில் பாப் ஆர்ட்

1985 ஜூலையில் நியூயார்க்கில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகப்படுத்தியபோது, ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையேறி பாடகி டெபி ஹாரியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியிலேயே நிறம் ஏற்றிக் காட்டினார். பெயின்ட் வாளியை ஓரிடத்தில் தட்டினால் அந்தப் பரப்பு முழுக்க நிறம் பரவும். உங்கள் குழந்தை செய்யப்போவதும் இதே வேலைதான்.

புகைப்படத்தை ஏற்றியதும் நொடியில் பாப் ஆர்ட் (அடர்த்தியான, தட்டையான நிறங்களில் அமையும் ஓவியப் பாணி) ஆக்கித் தரும் இணையதளங்கள் நிறைய உண்டு. அவை வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முதலாவது, பிள்ளையின் முகம் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விடுகிறது; அதை அங்கே யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது, நிறம் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கலையின் உயிர். அந்த வேலையைக் குழந்தையின் கையிலிருந்து பறித்துவிட்டு என்ன மிச்சம்? ஜிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே தேவையில்லை, படம் வீட்டை விட்டு வெளியே போகாது.

பாதி வெற்றி புகைப்படத்திலேயே இருக்கிறது. குழந்தையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், வெளிர் நிறச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார வையுங்கள். பிளாஷ் வேண்டாம், நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மூக்கின் நிழல் போய்விடும், பிறகு முகத்தில் கண்ணும் வாயும் மட்டுமே மிஞ்சும். பின்னால் இருட்டான அலமாரி இருந்தால் தலைமுடி அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, சதுரமாக வெட்டி, 1200க்கு 1200 பிக்சலாக மாற்றுங்கள். அடுத்து 'கலர்ஸ்' மெனுவில் 'த்ரெஷோல்ட்'. இது ஓர் அளவுக்கு மேலான வெளிச்சத்தை வெள்ளையாகவும், மற்றதைக் கறுப்பாகவும் ஆக்கிவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு இங்கேதான் சிக்கல்: மாநிறமோ கறுப்போ உள்ள முகம், கருவி முதலில் காட்டும் நடு அளவில் மொத்தமாகக் கறுத்துப்போகும். உடனே புகைப்படத்தை வெளுப்பாக்க ஓடாதீர்கள். வரைபடத்துக்குக் கீழே உள்ள முக்கோணத்தை மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். கன்னமும் நெற்றியும் வெள்ளையாகத் திறந்து, புருவமும் மூக்கின் ஒரு பக்கமும் கறுப்பாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இந்த லேயரின் (படத்தின் அடுக்கு) 'மோட்' பகுதியில் 'மல்டிப்ளை' தேர்ந்தெடுங்கள்; கறுப்பு அப்படியே நிற்கும், வெள்ளை இருக்கும் இடத்தில் கீழே உள்ள நிறம் தெரியும். வெள்ளை நிரப்பிய புதிய லேயர் ஒன்றைச் சேர்த்து, அதை இதற்குக் கீழே இழுத்துவிடுங்கள். ஒளிபுகும் லேயராக வைத்தால் நிறம் இல்லாத இடங்களில் கோடுகளும் மறைந்துவிடும். இவ்வளவும் பெரியவர் வேலை. இனி மவுஸ் குழந்தையிடம்.

கீழ் லேயரைத் தேர்ந்தெடுத்த பிறகே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மேல் லேயரில் தீட்டினால் கோடுகள் அழியும். அடிக்கடி நடக்கும் தவறு இது. கண்ட்ரோல் இசட் அழுத்தினால் மீண்டுவிடும். தூரிகையைத் தொடாமல் 'பென்சில்' கருவியையே பயன்படுத்துங்கள். தூரிகையின் ஓரம் மங்கலாக இருப்பதால், பிறகு வாளியால் நிறம் மாற்றும்போது பழைய நிறம் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சில் ஓரம் கூர்மை, ஒரே தட்டில் முழுவதும் மாறும். முகம், சட்டை, பின்புறம் என்று மூன்று நிறம் போதும்; கறுத்த முடி கறுப்பாகவே நிற்கும். நிறம் கோட்டைத் தாண்டினால் திருத்தாதீர்கள். வார்ஹாலின் திரை அச்சுப் படங்களிலும் நிறம் கோட்டை விட்டு விலகித்தான் நிற்கும். நீல முகத்துக்கு மஞ்சள் சட்டை வேண்டும் என்று பிள்ளை கேட்டால், அதுவே சரியான நிறம்.

முதல் படம் முடிந்ததும் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து பிஎன்ஜி கோப்பாக எடுங்கள். ஜேபெக் வேண்டாம், நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். வாளியால் நிறங்களை மாற்றி மேலும் மூன்று எடுங்கள். 2400க்கு 2400 அளவில் புதுப் படம் ஒன்று உருவாக்கி, 'ஓபன் ஆஸ் லேயர்ஸ்' வழியாக நான்கையும் கொண்டுவந்து மூலைக்கு ஒன்றாக நகர்த்துங்கள்.

ஏ4 தாளில் ஏழரை அங்குலச் சதுரமாகத் தெளிவாக அச்சாகும். திரையில் மின்னும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் சற்று மங்கும் என்பதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கறுப்பு மை அதிகம் இறங்குவதால் சாதாரணத் தாள் சுருங்கும்; கொஞ்சம் தடித்த தாளில் எடுத்து, கை படாமல் பத்து நிமிடம் உலர விடுங்கள்.