வெண்கலச் சிங்கத்துக்குப் பிடரி முளைத்தது எப்படி?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில், பாம்பை மிதித்தபடி சீறும் வெண்கலச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அந்தப் பிடரி மயிரை உளியால் செதுக்கினார்களா?" இல்லை. உளிக்கு அங்கே சில்லறை வேலைதான்.

செய்தவர் அந்துவான் லூயி பாரி. பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த சிங்கத்தை ஓவியர் டெலக்ருவாவுடன் சேர்ந்து அறுத்தும் வரைந்தும் பார்த்தவர். 1833இல் பாரிஸின் கலைக் கண்காட்சியான சலோனுக்குப் பிளாஸ்டரில் வந்த சிங்கத்தை, 1835இல் வெண்கலமாக வார்த்தவர் ஒனோரே கோனோன்.

மணலில் வார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. பதித்த மாதிரியை வெளியே எடுத்தாக வேண்டும். சுருண்ட பாம்பும் பல்லிடுக்கும் மணலைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். அதனால் பகுதி பகுதியாக வார்த்து இணைப்பார்கள். இணைப்பை அரத்தால் ராவினால் அங்கே மயிர் மழுங்கிவிடும்.

கோனோன் கையாண்டது மெழுகு வார்ப்பு: மாதிரியை மெழுகில் செய்து, மண்ணால் மூடி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. மெழுகை யாரும் வெளியே இழுக்க வேண்டாம், சூடு காட்டினால் தானே ஓடிவிடும். சுவாமிமலையில் கோயில் படிமங்களை உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாகவே வார்ப்பார்கள். இவ்வளவு பெரிய சிங்கத்தை அப்படி வார்த்தால் வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே கடைசியில் ஆறும் உலோகம் சுருங்கிப் பொந்தும் விரிசலும் விழும். எனவே உள்ளே மண் கரு, வெளியே மண் அச்சு. மோதகத்தில் பூரணத்துக்கும் அச்சுக்கும் நடுவே மாவு நிற்பதுபோல இரண்டுக்கும் இடையில் மெழுகு.

இப்போது மெழுகு உருகி ஓடிவிட்டது. கருவைத் தாங்குவது யார்? இங்கேதான் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மெழுகு இருக்கும்போதே அதை ஊடுருவி, கருவிலிருந்து அச்சுவரை இரும்பு ஆணிகளை அடித்துவைத்து விடுகிறார்கள். கரு அந்தரத்தில் நிற்கிறது! தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் ஏறத்தாழ 1000 டிகிரியே போதும். அந்தக் குழம்பு ஆணிகளைச் சுற்றிப் பாய்ந்து, மெழுகில் இருந்த ஒவ்வொரு மயிரிழையையும் நிரப்புகிறது. காற்று தனிக் குழல்கள் வழியே வெளியேறுகிறது. ஆறியதும் அச்சை உடைத்து, ஆணியைப் பிடுங்கி, துளையை வெண்கலத்தால் அடைப்பார்கள். உளி வருவது அப்போதுதான். பச்சையும் பழுப்புமான நிறம் அமிலங்களின் உபயம்.

வார்ப்பு பிசகினால் மெழுகும் போச்சு, உழைப்பும் போச்சு. விற்பனைக்கான சிறு விலங்குகளைப் பாரி மணலிலேயே வார்த்தார். அப்படியும் 1848இல் திவாலானார். 1854இல் அவரை விலங்கு வரையக் கற்பிக்கும் பேராசிரியராக அமர்த்தியது ஓவியப் பள்ளி அல்ல, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். நம் நிதிக்குழு ஒன்றிடம் அந்தக் கோப்பு போயிருந்தால், 'துறைக்குத் தொடர்பற்ற செலவு' என்று முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும்.