மீட்டரை நம்பிக் கார் வாங்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் குடும்பம் பட்டறைக்கு வந்தது. 14 வருடம் ஓட்டிய ஆல்ட்டோவைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த நாலரை லட்சத்தையும் போட்டு வேறு கார் வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் சத்தம் கேட்கிறதாம். “22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு அண்ணாச்சி. கல்ஃப் பார்ட்டி வண்டி, ஷெட்டுலயே நின்னது” என்றார் டீச்சரின் கணவர், சந்தோஷமாக.

லிஃப்டில் ஏற்றினேன். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் துரு, ராகி மாவு மாதிரி உள்ளங்கையில் கொட்டியது. டீச்சர் அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இந்த வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது வண்டி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓடாத வண்டி தேயாது என்று யார் சொன்னது? நம் குமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடல். உப்புக்காற்றுக்கு ஷெட்டும் ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான். ஓடுகிற வண்டிக்கு மாதம் ஒருமுறை வாட்டர் வாஷாவது கிடைக்கும். நிற்கிற வண்டியின் அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கிறார்கள்? பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இறுகும், சக்கரத்தைத் தாங்குகிற இணைப்புகளில் இருக்கும் புஷ் ரப்பர் காய்ந்து வெடிக்கும். டீச்சர் வண்டியில் கேட்ட சத்தம் அந்தப் புஷ்தான். “ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில்?” என்று மூன்று வருடம் ஆயில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். எலி வயரைக் கடித்திருந்தால் அது தனிக்கதை.

அந்த 22,000-மே உண்மையா என்பது வேறு கேள்வி. மீட்டரைப் பின்னால் திருப்புவது பெரிய வித்தை இல்லை. பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஸ்டியரிங் பளபளத்தால், அந்த மீட்டரை நம்பாதீர்கள். விற்பவரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். டயரின் பட்டன், அதாவது தரையில் படுகிற மேல்வரிகள், தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-இல் கேரளத்தில் வெள்ளம், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடியில் வெள்ளம். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இங்கேயும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை இருக்கிறதா என்று. ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்கள். கேரளத்தின் கே.எல். நம்பர் வண்டி விலை குறைவு என்று தாவுகிறவர்கள், அங்கிருந்து வாங்க வேண்டிய என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கையில் நாலரை லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்குள் உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும். மிச்சம் ஐம்பதாயிரம் டயருக்கும் பேட்டரிக்கும் சர்வீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும். “50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு” என்று விற்பவர் சொன்னால், அது இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்கு அவருக்குக் கிடைத்த தள்ளுபடி, வண்டியோடு உங்களுக்கு வராது. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி என்றால், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதா என்று பாருங்கள். சடாரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது அந்த வருடம்தான். பெரிய பழைய வண்டியை விட, இவை இருக்கிற சின்ன வண்டி எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம், சந்தை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் 2020-க்குப் பிந்தைய டீசல் வாங்காதீர்கள். சைலன்சர் பக்கம் இருக்கிற புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், செலவு பெரிது.

கெஞ்சிக் கேட்கிறேன், அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. அடிப்பக்கம் பார்க்க அரைமணி நேரம் போதும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையா, திரும்பி வந்துவிடுங்கள்.

டீச்சர் வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் நடக்கிறது. அடுத்த மழைக்கு முன் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.