பேப் ஸ்மியர் நார்மல், ஆனாலும் இரத்தம் படுகிறது

"ஏழு மாசம் முன்னாடிதானே பேப் ஸ்மியர் எடுத்தோம்? நார்மல்னு சொன்னாங்களே!" பயாப்சி ரிப்போர்ட் வாங்க வந்த கணவர் கேட்டார். மனைவிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உறவுக்குப் பின் இரத்தம் பட்டதைச் 'சூடு' என்று சொல்லி மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் மேல்தோலில் பல வருடம் மெதுவாக மாறித்தான் வரும். அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் இந்தப் பேப் ஸ்மியர். இவர் மனைவிக்கு வந்ததோ சிறு செல் நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய், அதாவது ஹார்மோன் சுரக்கும் நரம்புச் செல்களின் சாயல் கொண்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இந்த வகை வரும். வளரும் வேகம் அதிகம். மேல்தோலுக்கு அடியிலேயே பரவுவதால் ஸ்மியரில் சிக்காமல் போவதும் உண்டு. இரத்தம் பட்டால் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

பயாப்சி சதையைச் சோதிக்கும் நோயியல் மருத்துவராக, ஸ்லைடில் நான் பார்த்தது இதுதான்: நெருக்கியடித்து நிற்கும் சின்னச் சின்ன நீலச் செல்கள். உட்கருவைச் சுற்றி ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். உட்கருவுக்குள் உப்பும் மிளகும் தூவியதுபோல் பொடிப்பொடியாக. சதை எடுக்கும்போது கொஞ்சம் நசுங்கினாலும் போச்சு, மை இழுபட்ட மாதிரி ஆகிவிடும். வெறும் அழற்சிச் செல்கள் என்று ஏமாறலாம். அதனால்தான் நியூரோஎண்டோகிரைன் செல்களை அடையாளம் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் போட்டுப் பார்க்கிறோம். "ரிப்போர்ட் ஏன் இவ்வளவு லேட்?" என்று கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

பெயர் ஏன் முக்கியம்? கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல் என்று போயிருக்கலாம். கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் போதாது. உடல் முழுக்க ஸ்கேன் வேண்டும். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் கீமோ பெரும்பாலும் தேவைப்படும்.

அதே சமயம் நியூரோஎண்டோகிரைன் என்ற சொல்லைக் கண்டதும் எல்லோரும் பயப்பட வேண்டாம். சினைப்பையில் முடியும் பல்லுமாக இருக்கும் டெர்மாய்டு கட்டிக்குள் கார்சினாய்டு, அதாவது மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. சினைப்பையைத் தாண்டாதவரை அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதும். இரண்டு சினைப்பையிலும் இருந்தால்தான் குடலிலிருந்து வந்ததோ என்று நான் தேடுவேன்.

கிளம்பும்போது அவர், "பதினோரு வயசுல பொண்ணு இருக்கா, அவளுக்கும் வருமா டாக்டர்?" என்றார். இது பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை, இந்த வகையில் எச்.பி.வி. 18 என்ற வைரஸைத்தான் அடிக்கடி பார்க்கிறோம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்றேன். ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்திலேயே தடுப்பூசியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.